பெப்பா, பிரெப்பா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

கேட்டவர் சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் வேலை பார்க்கும் 29 வயதுத் தம்பி. சுருக்கமாக அவர் கேள்வி இது: வெள்ளிக்கிழமை இரவு உறவின்போது ஆணுறை கிழிந்துவிட்டது. எச்ஐவி வராமல் தடுக்க மாத்திரை இருக்கிறதாமே, அதில் எது நல்லது? ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி போதும் என்கிறார்களே, உண்மையா? இதையெல்லாம் எடுத்தால் கம்பெனி மெடிக்கலில் தெரிந்துவிடுமா?

அவர் எழுதியது ஞாயிறு காலை. உடனே இரண்டு வரியில் பதில் போட்டேன்: "தம்பி, படித்துக்கொண்டு உட்காராதீர்கள். இப்போதே ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் 'பெப் வேண்டும்' என்று சொல்லுங்கள்." போனார், மருந்து தொடங்கியாகிவிட்டது. மற்றக் கேள்விகளுக்கு இப்போது நிதானமாகச் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் மருந்தாளராக முகப்பில் நின்றவன் நான். மருத்துவர் எழுதிக்கொடுப்பதை எடுத்துக்கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வதுதான் என் தொழில். ஆகவே எது உங்களுக்குப் பொருந்தும் என்ற கடைசி முடிவு உங்கள் மருத்துவருடையது.

பெப், பிரெப் என்று இரண்டு பெயர்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம்; அதனாலேயே குழப்பம். பெப் என்பது சம்பவம் நடந்த பிறகு எடுப்பது. பிரெப் என்பது நடப்பதற்கு முன்பிருந்தே எடுப்பது. மருந்து எது, விலை என்ன என்பதெல்லாம் அப்புறம். நடந்து முடிந்ததா, இனிமேல் நடக்கக்கூடியதா, முடிந்தது என்றால் எத்தனை மணி நேரம் ஆயிற்று? இதைக் கேட்காமல் யாராவது உங்களுக்கு மாத்திரைப் பெயர் சொன்னால் அந்த ஆலோசனையை நம்பாதீர்கள்.

பெப் கதையை முதலில் முடித்துவிடுவோம். 72 மணி நேரத்துக்குள் முதல் வேளை மருந்து உள்ளே போயாக வேண்டும். இந்தக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. கிருமி உடலுக்குள் நுழைந்ததும் ரத்தம் முழுக்கப் பரவிவிடுவதில்லை. நுழைந்த இடத்துச் செல்களில் கொஞ்சம் தங்கி, அங்கிருந்து நெறிக்கட்டும் முடிச்சுகளுக்குப் போய், பிறகுதான் எங்கும் பரவுகிறது. ஒரு செல்லின் மரபணுவுக்குள் போய்த் தன்னைத் தைத்துக்கொண்டுவிட்டால், பிரித்தெடுக்க இன்றுவரை வழக்கமான மருந்து எதுவும் இல்லை. அந்தத் தையல் விழுவதற்கு முந்திய இடைவெளிதான் நம் கையில் இருக்கிறது. ஆகவே 72 என்பது கடைசி எல்லை. 71 மணி நேரம் வரை ஆற அமர இருக்கலாம் என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2 மணி நேரத்தில் எடுப்பவருக்கும் 70 மணி நேரத்தில் எடுப்பவருக்கும் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றல்ல.

இந்த 72 மணி நேரக் கணக்கில் என் மனத்தில் நின்றுவிட்ட ஒருவர் உண்டு. கட்டுமானத் தொழிலாளி, தஞ்சாவூர்ப் பக்கம். ஒரு ஞாயிறு மாலை சம்பவம். விடுப்பு கேட்டால் மேற்பார்வையாளர் காரணம் கேட்பார், என்ன சொல்வது என்று தயங்கித் தயங்கி, அடுத்த ஓய்வு நாளுக்காகக் காத்திருந்தார். ஓய்வு நாள் என்றால் அடுத்த ஞாயிறு. ஏழு நாள். கையில் ஒரு தாளில் மாத்திரைப் பெயரைச் சரியாக எழுதி வைத்திருந்தார், பாவம். யாரோ நண்பர் சொல்லியிருக்கிறார். பெயர் சரி, நாள் போய்விட்டது. அவருக்கு இனிச் செய்யக்கூடியது பரிசோதனைதான் என்று சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று. அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும், வேலை முடிந்தே போகலாம் என்று ஒரு வார்த்தை அவருக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். அதனால்தான் இப்போது நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெப் 28 நாள். வழக்கமாக மூன்று மருந்துகள்: டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபைன், கூடவே டோலுடெக்ராவிர் அல்லது அது போன்ற ஒன்று. டோலுடெக்ராவிர் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளும் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட்டும் வயிற்றில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிரை எடுங்கள். பத்தாம் நாள் "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று நிறுத்திவிடுபவர்கள் நிறைய. அப்படி நிறுத்தினால் எடுத்ததும் வீண். செலவும் சும்மா இல்லை. தனியார் கிளினிக்கில் 28 நாளைக்கும் சேர்த்து நூற்றுக்கணக்கான சிங்கப்பூர் வெள்ளி ஆகும்.

சரி, பிரெப்.

பெரும்பாலோர் எடுப்பது ஒரே மாத்திரையில் இரண்டு மருந்துகள்: டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் 300 மில்லிகிராம், எம்ட்ரிசிட்டபைன் 200 மில்லிகிராம். ட்ருவாடா என்ற பெயரில் வந்த நீல மாத்திரைதான் முதலாவது. ஒரு பக்கம் 701 என்று எண் பொறித்திருக்கும். 2012 ஜூலையில் அமெரிக்காவில் இதைத் தடுப்பு மருந்தாக அனுமதித்தார்கள். இப்போது ஜெனரிக் மாத்திரைகள் (அதே மருந்தை வேறு கம்பெனிகள் செய்வது) பல நிறங்களில் வருகின்றன, வேலை ஒன்றுதான்.

வேலை என்னவென்றால், எச்ஐவி தன் மரபுச் செய்தியை ஆர்என்ஏ வடிவில் கொண்டுவருகிறது. நம் செல்லுக்குள் அதை டிஎன்ஏவாகப் பெயர்த்து எழுதினால்தான் அதற்குப் பிழைப்பு. எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு போகும்போது, உண்மையான எழுத்தைப் போலவே இருக்கும் ஒரு போலி எழுத்தாக டெனோஃபோவிர் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு அடுத்த எழுத்தைக் கோக்கக் கொக்கி இல்லை. மாலை அங்கேயே அறுந்துவிடும். எம்ட்ரிசிட்டபைனும் இதே வேலைதான். ஆனால் கிருமி வரும் நேரத்தில் அந்தப் போலி எழுத்து செல்லுக்குள் போதிய அளவு இருந்தாக வேண்டும். அதனால்தான் "இன்று ஒன்று போட்டால் இன்றிரவே பாதுகாப்பா" என்று சிலர் கேட்பது சரிவராது (ஆண்களுக்கு இரண்டு மாத்திரையோடு தொடங்கும் முறை தனிக் கணக்கு, பின்னால் சொல்கிறேன்). தினம் ஒரு மாத்திரை என்று தொடங்கினால், ஆசனவாய் வழி உறவுக்குச் சுமார் 7 நாளிலும், பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்குச் சுமார் 21 நாளிலும் மருந்து முழு அளவுக்கு ஏறும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு.

"44 சதவீதம்தான் வேலை செய்யுமாமே" என்று சிலர் கேட்பார்கள். அந்த எண் 2010-ல் வந்த ஐபிரெக்ஸ் என்ற ஆய்விலிருந்து வருவது. உண்மையான எண்தான், படிக்கும் விதம்தான் தப்பு. மாத்திரை வாங்கி ஒழுங்காக விழுங்கியவர்களையும், வாங்கி அலமாரியில் வைத்தவர்களையும் ஒன்றாகக் கூட்டிப் போட்ட சராசரி அது. அதே ஆய்வின் தொடர்ச்சியில் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து, வாரத்துக்கு 4 மாத்திரையோ அதற்கு மேலோ எடுத்த ஆண்களிடையே ஒரு தொற்றுகூட இல்லை என்று கண்டார்கள். இன்று ஒழுங்காக எடுப்பவர்களுக்கு உடலுறவு வழித் தொற்று சுமார் 99 சதவீதம் குறைகிறது என்றே சொல்கிறார்கள். பெண்களுக்கு அந்த 4 மாத்திரைச் சலுகை கிடையாது. அவர்களுடைய திசுக்களில் மருந்து குறைவாகத் தேங்குவதால் தினமும் தவறாமல் எடுக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் பெண்களிடையே நடந்த வாய்ஸ் என்ற ஆய்வு பலன் காட்டாமல் முடிந்தது. ரத்தத்தைச் சோதித்தபோது பாதிப் பேருக்கும் குறைவானவர்களிடம்தான் மருந்து இருந்தது. மாத்திரைமேல் பழி போட முடியாது.

எப்போதாவது மட்டும் உறவு கொள்ளும் ஆண்களுக்கு 2-1-1 என்று ஒரு முறை உண்டு. 2015-ல் ஐபர்கே என்ற ஆய்வில் தொற்று 86 சதவீதம் குறைந்தது; 2019-ல் உலகச் சுகாதார நிறுவனமும் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு இதை ஏற்றுக்கொண்டது. கணக்கைக் கேட்டாலே தலை சுற்றும், ஆகவே நாள் போட்டுச் சொல்கிறேன். சனிக்கிழமை இரவு 11 மணிக்கு என்று எதிர்பார்க்கிறீர்கள். இரவு 8 மணிக்கு 2 மாத்திரை சேர்த்து எடுக்கிறீர்கள் (உறவுக்கு முன் 2 மணி நேரத்துக்கும் 24 மணி நேரத்துக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்). ஞாயிறு இரவு 8 மணிக்கு 1. திங்கள் இரவு 8 மணிக்கு 1. முடிந்தது. ஞாயிறு இரவும் உறவு நடந்தால் திங்களோடு நிறுத்தாமல் செவ்வாய் 8 மணிக்கும் ஒன்று. கடைசி உறவுக்குப் பிறகு இரண்டு நாள் ஓட வேண்டும் என்பதுதான் விதி. பெண்களுக்கு இந்த முறை இல்லை. கல்லீரல் அழற்சி பி உள்ளவர்களுக்கும் இல்லை. பெண்களோடு மட்டும் உறவு கொள்ளும் ஆண்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்; ஆய்வு நடந்தது வேறு கூட்டத்தில்.

கல்லீரல் அழற்சி பி விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் பலர் தாண்டிப் போகும் இடம் இது. டெனோஃபோவிர் அந்தக் கிருமியையும் அடக்கும். உங்களுக்கே தெரியாமல் அது உடலில் இருந்தால், பிரெப் எடுத்துக்கொண்டிருக்கும் வரை சத்தமில்லாமல் கிடக்கும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலையாக வரலாம். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1980களிலிருந்தே இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்களும் ஊரிலிருந்து வந்தவர்களும் போட்டிருக்கிறோமா என்று யோசித்துப் பார்க்க வேண்டும். தொடங்கும் முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் இதுவும் அடக்கம். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அதைவிட முக்கியமானது எச்ஐவி பரிசோதனை. ஏற்கெனவே கிருமி இருக்கும் ஒருவர் பிரெப்பின் இரண்டு மருந்தை மட்டும் எடுத்தால், அது கிருமிக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவது மாதிரி. மருந்துக்கு மசியாத வகை உருவாகிவிடும். இங்கே இன்னொரு பொறி உண்டு. தொற்றிய முதல் சில வாரங்களில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு என்று வரலாம். சிங்கப்பூரில் காய்ச்சலும் தடிப்பும் வந்தால் நாம் எல்லாரும் முதலில் நினைப்பது டெங்கி. சமீபத்தில் ஆபத்தான உறவு ஏதாவது நடந்திருந்து காய்ச்சலும் இருந்தால், பிரெப் கேட்டுப் போன இடத்தில் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பக்க விளைவு என்றால் முதல் சில வாரம் குமட்டல், வாயு, தலைவலி. பெரும்பாலும் தானே போய்விடும். சாப்பாட்டோடு எடுத்தால் தொல்லை குறைவு. நீண்ட நாளில் பார்க்க வேண்டியது சிறுநீரகம், கொஞ்சம் எலும்பு. அதனால்தான் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்கிறார்கள். ஜிம்முக்குப் போகும் தம்பிகள் கிரியேட்டின் பவுடர் குடித்துவிட்டுப் பரிசோதனைக்கு வந்து, எண் ஏறியிருக்கிறது என்று பயந்துபோய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பவுடரே எண்ணை ஏற்றும். மருத்துவரிடம் சொல்லிவிட்டால் குழப்பம் தீரும். உண்மையிலேயே கெடுதல் செய்வது வேறொன்று. முதுகுவலிக்குத் தினமும் டிக்ளோஃபெனாக் போடும் பழக்கம் உள்ளவர்கள், ஊரிலிருந்து லேகியம், பஸ்பம் வரவழைத்துச் சாப்பிடுபவர்கள் ஆகியோரின் சிறுநீரகத்துக்கு ஏற்கெனவே சுமை இருக்கிறது. டெனோஃபோவிரைச் சேர்க்கும் முன் அதைச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் கொஞ்சம் பலவீனமாக இருந்தால் டெஸ்கோவி என்ற மாத்திரை இருக்கிறது. டெனோஃபோவிரின் இன்னொரு வடிவம், அளவு 25 மில்லிகிராம்தான். ஆனால் பெண்ணுறுப்பு வழித் தொற்றைத் தடுக்க அதற்கு அனுமதி இல்லை.

இப்போது ஊசிக்கு வருவோம். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். இரண்டு ஊசிகள் இருக்கின்றன. கபோடெக்ராவிர், 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; இடுப்புக்குக் கீழே பிட்டத்தில் 600 மில்லிகிராம், முதல் இரண்டும் ஒரு மாத இடைவெளியில், அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒன்று. கிருமி தன்னைச் செல்லின் மரபணுவோடு தைத்துக்கொள்ளும் அந்தத் தையலையே இது தடுக்கிறது. தினசரி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வில், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடமும் திருநங்கையரிடமும் தொற்று 66 சதவீதம் குறைவு. பெண்களிடம் நடந்த ஆய்வில் 88 சதவீதம் குறைவு. மாத்திரை மட்டம் என்று இதற்குப் பொருள் இல்லை. ஊசியை மறக்க முடியாது, மாத்திரையை மறக்கலாம், அவ்வளவுதான்.

ஆறு மாத ஊசி லெனகாபாவிர். கிருமியின் மரபுப் பொருளைச் சுற்றியிருக்கும் கூட்டைப் பிடித்துக்கொள்ளும் புது வகை. 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி. வயிற்றுத் தோலுக்கடியில் இரண்டு குத்து, முதல் இரண்டு நாள் மாத்திரையும் உண்டு. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 பெண்களுக்கு இதைப் போட்ட ஆய்வில் தொற்று ஒன்றுகூட இல்லை. நான் மருந்துத் தொழிலில் இத்தனை வருடம் இருந்து பூஜ்யம் என்ற எண்ணை இப்படிப் பார்த்தது அபூர்வம். அனுமதி வந்த அடுத்த மாதமே உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. விலைதான் இடிக்கும். அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். ஏழை, நடுத்தர வருமான நாடுகள் 120-க்கு 2027 முதல் ஆண்டுக்குச் சுமார் 40 டாலருக்கு ஜெனரிக் தரப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். அதைத் தயாரிக்கப் போவதும் இந்தியக் கம்பெனிகள்தான். பணக்கார நாடான சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் வராது.

ஊசிக்கு ஒரு வால் உண்டு. நிறுத்திய பிறகும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் உடலில் கசிந்துகொண்டிருக்கும். தடுக்கப் போதாது, ஆனால் கிருமியைப் பழக்கப்படுத்தப் போதும். ஆகவே அடுத்த ஊசிக்கு இங்கே இருப்போமா, பெர்மிட் புதுப்பித்துக் கிடைக்குமா என்று உறுதியில்லாதவர்களுக்கு நான் மாத்திரையைத்தான் சொல்வேன். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்குக் கபோடெக்ராவிர் ஒத்துவராது; லெனகாபாவிர் என்றாலும் மருத்துவரிடம் அதை முன்பே சொல்ல வேண்டும். நீல மாத்திரைக்கு அந்தத் தகராறு இல்லை.

ஊரிலிருந்து மாத்திரை வரவழைப்பவர்கள் இங்கே நிறைய. சொந்தப் பயனுக்கு மூன்று மாத அளவு வரை கையோடு கொண்டுவரலாம். பெட்டியின் பெயரை மட்டும் உற்றுப் பாருங்கள். டென்விர் என்றால் டெனோஃபோவிர் மட்டும். டென்விர்-ஈஎம் என்றால்தான் இரண்டும் சேர்ந்தது. அட்டையைக் கொடுத்து "இதுதானே அண்ணே" என்று கேட்ட ஒருவரிடம் இருந்தது வெறும் டென்விர். நான்கு மாதம் அதையே நம்பியிருக்கிறார். பிராண்டுப் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்கள் இரண்டையும் படியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எச்ஐவி பரிசோதனை என்பதும் கூடவே ஓட வேண்டும். மாத்திரை மேகப்புண்ணையும் (சிபிலிஸ்) வெட்டை நோயையும் (கொனோரியா) தடுக்காது, ஆணுறை பெருமளவு தடுக்கும். அந்த நோய்களுக்கான பரிசோதனையையும் அப்போதே செய்துகொள்ளலாம்.

கடைசியாகக் கம்பெனி மெடிக்கல். பிரெப் எடுப்பதால் எச்ஐவி பரிசோதனை பாசிட்டிவ் ஆகாது. இந்தச் சந்தேகத்திலேயே வேண்டாம் என்று விட்டவர்களை எனக்குத் தெரியும். வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்ஐவி அடக்கம்; அதில் பார்ப்பது கிருமி இருக்கிறதா என்பதை, நீங்கள் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதை அல்ல. கம்பெனிக் காப்புறுதியில் பில் போட்டால் மருந்தின் பெயர் அங்கே போகும். ஆகவே கைக்காசில் வாங்குங்கள். 2019-ல் எச்ஐவி உள்ள 14,200 பேரின் விவரம் கசிந்த செய்தி வந்ததிலிருந்து பேர் கொடுக்கவே பயப்படுபவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. பேர், அடையாள அட்டை எதுவும் கேட்காமல் பரிசோதிக்கும் இடங்கள் இங்கே உண்டு. கிளந்தான் லேனில் இருக்கும், பாலியல் நோய்களைப் பார்க்கும் டிஎஸ்சி கிளினிக் கட்டடத்தில், குறிப்பிட்ட நாள்களில் ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ் அமைப்பு அப்படிப் பார்க்கிறது. தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். பிரெப்புக்கும் அதே கிளினிக்கில் கேட்கலாம், டான் டொக் செங் மருத்துவமனைப் பக்கம் இருக்கும் தொற்றுநோய்களுக்கான தேசிய நிலையத்திலும் கேட்கலாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன், தம்பி. ஞாயிறு தொடங்கிய பெப் நான்காவது வாரம் சனிக்கிழமை முடியும். அதற்கு ஒரு வாரம் முன்பே கிளினிக்கில் நேரம் வாங்கிவிடுங்கள். பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்து, இனியும் இப்படி நடக்கக்கூடும் என்று நீங்களே நினைத்தால், 28-ஆம் நாள் பெப் முடிந்த மறுநாளே இடைவெளி விடாமல் பிரெப்பில் ஏறிக்கொள்ளலாம். கையில் இருக்கும் டப்பாவில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று இன்றிரவு எண்ணிப் பாருங்கள். குறைந்திருந்தால் நாளை காலையே கேட்டு வாங்கிவிடுங்கள்.